மீதி இருநூற்று ஐம்பத்தேழு

பாண்டீஸ்வரியின் எடை நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு கிலோ என்று எடைமேடைப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கரட்டூரணியில் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரிக்காரன் ஆரனை அமுக்கி, "பிள்ளைய எறங்கச் சொல்லுக்கா, நான் விருதுநகர் போய்ச் சேர வேண்டாமா" என்று சலித்துக்கொண்டான். ஐந்து இலக்கத்துக்கு மேல் இடமில்லாத அந்தப் பெட்டிக்குள் பத்து இலக்கங்கள் திருவிழா பஸ்ஸில் ஏறிய சனம்போல நெருக்கிக்கொண்டு நின்றதைக்கூட, பெட்டி புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

பாண்டீஸ்வரிக்கு ஒன்பது வயது. அவள் அம்மா சீனித்தாய் அந்த எடைமேடையில் சீட்டு எழுதுகிறவள். வண்டி காலியாக வரும்போது ஓர் எடை, ஏற்றிக்கொண்டு வரும்போது ஓர் எடை, கழித்தால் சரக்கு, அவ்வளவுதான் வேலை. அப்பன் லாரி ஓட்டிக்கொண்டு ஆந்திராப் பக்கம் போனவன், அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தலைகாட்டாமல் போய் ஏழு வருசமாகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு மேடையில் ஏறிக் குதிப்பது பாண்டீஸ்வரியின் வழக்கம். லாரிக்குப் பழகிய மேடை சில நாள் இருபது காட்டும், சில நாள் அவளை மதிக்காமல் பூஜ்யமே காட்டும், அதற்கு அவள் மேடையோடு சண்டை பிடிப்பாள். அன்றைக்குக் குதித்தவள் குதித்த இடத்திலேயே நின்றுவிட்டாள். "யம்மா, காலு வரமாட்டேங்குது" என்றாள். அவள் பாதத்துக்குக் கீழே இரும்புத் தகடு பிசைந்த மாவுபோல விலகி வழிவிட்டிருந்தது.

மறுநாள் விடிந்தபோது கணுக்கால் தரைக்குள் போயிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் நாலு விரற்கடை. சீனித்தாய் தினமும் விரலை வைத்து அளந்தாள்: நாளொன்றுக்கு நாலு விரற்கடை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளையின் உயரத்தையும் அளந்தாள். கணக்குத் தெரிந்தவளாக இருப்பதைப்போல ஒரு கொடுமை தாய்க்கு வேறில்லை. பதினாறாம் நாள் மூக்கு மண்ணுக்குள் போய்விடும் என்று அவளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள், எடைமேடைக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைக்குக் கேட்காமல்.

தூக்கிப் பார்க்காமல் இல்லை. முதல் நாளே இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள், ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுமை இறக்கும் ஆட்களின் மேஸ்திரி கொம்பையா தன்னோடு சேர்த்து ஏழு பேராக வந்து பிடித்தான். பிள்ளை அசையவில்லை, ஏழு பேரில் ஐந்து பேரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபது பேர் பிடித்ததில் பதினேழு பேர் விழுந்தார்கள். ஐந்தாம் நாள் ஊருக்கே ரோஷம் வந்து, மேடைக்கு மேலே மூன்று பனைமரத்தை முக்காலியாகக் கட்டி, கப்பி மாட்டி, கோவிலில் இருந்து தேர்வடத்தைக் கொண்டுவந்து அதன் நுனியைப் பிள்ளையின் மார்போடு கம்பளி சுற்றிக் கட்டி, நூறு ஆம்பிளைகள் ஒரே மூச்சில் இழுத்தார்கள். தொண்ணூற்றேழு பேர் குப்புற விழுந்தார்கள். நிமிர்ந்து நின்ற மூன்று பேரும் எதையோ திருடி மாட்டிக்கொண்டவர்கள்போலத் திருதிருவென்று முழித்தார்கள்.

வடம் அப்படியே கட்டியபடி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஊர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனது. சீனித்தாய் மட்டும் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். இரண்டு பேர், விழுந்தது ஒன்று. ஏழு பேர், விழுந்தது ஐந்து. இருபதுக்குப் பதினேழு. நூறுக்குத் தொண்ணூற்றேழு. எழுதிவிட்டு அந்தப் பெரிய எண்ணை இரண்டால் வகுத்தாள், மீதி ஒன்று. ஏழால் வகுத்தாள், மீதி ஐந்து. இருபதால் வகுத்தாள், மீதி பதினேழு. சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மீதிதான் விழுது அண்ணாச்சி" என்று ஊர்த்தலைவர் தவசிலிங்கத்திடம் போய்ச் சொன்னாள். "எத்தன பேரு பிடிச்சா மீதியே வராதோ, அத்தன பேரு சரியாப் பிடிக்கணும். ஒரு ஆளு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

தவசிலிங்கம் நல்ல மனிதர்தான். யார் வீட்டுச் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பவர், பாடை தூக்குகிறவரை வேறு எங்கும் போகாதவர். அவர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி விழுதா? சரி, அப்ப அதுக்குத் தக்கன பாப்போம்" என்றார், மழைக்கு முன்னால் வைக்கோலை மூடுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அப்புறம் ஊர் அந்த எண்ணோடு குடித்தனம் நடத்தப் பழகியது. டீக்கடையில் முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்கள்கூட அதன் குணத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒற்றைப்படை எண், ஆகையால் நல்லது, நல்ல காரியத்துக்கு நாம் ஒற்றைப்படையில்தானே ஆள் போகிறோம் என்றது ஒரு கட்சி. இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பத்தொன்பது, அதைக் கூட்டினால் பதினான்கு, அதையும் கூட்டினால் ஐந்து, ஐந்து புதனுக்குரியது, புதன்கிழமை பச்சைப்பயறு கட்டினால் இறங்கும் என்றது இன்னொரு கட்சி, கட்டவும் செய்தது. அயலூர்ப் பெண்கள் பிள்ளைவரம் கேட்டு வந்து பாண்டீஸ்வரியின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து மூன்றாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிவந்து பத்து இலக்க எண் என்றால் எப்படி இருக்கும் என்று பெட்டியைக் காட்டினார்கள். இடுப்பு மட்டும் மண்ணுக்குள் போயிருந்த பாண்டீஸ்வரி தன் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர்களும் ஆட்டினார்கள், பிறகு சாப்பாட்டு மணி அடித்துவிடும் என்று போய்விட்டார்கள்.

கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஞானதிரவியத்தைக் கொம்பையாதான் போய்க் கூட்டிவந்தான். எட்டாம் நாள். அவர் சட்டைப்பையில் எட்டு இலக்கத்துக்கு மேல் காட்டாத ஒரு கால்குலேட்டரும், மடித்த ஒரு பட்டியலும் வைத்திருந்தார். நல்ல வெயிலில், பிள்ளைக்கு நிழலாகப் போட்டிருந்த பந்தலுக்கடியில் உட்கார்ந்து, நூறு வரைக்கும் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் மசியவில்லை.

"இது ஒரு விசேஷமான எண்" என்றார், ஊரே சுற்றி நிற்க. "அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறை அதே எண்ணால் பெருக்கி, வர்ற விடையோட ஒண்ணக் கூட்டினா இது. அந்த ஒண்ணு மட்டும் இல்லாம இருந்தா ரெண்டு பேரு தூக்கலாம், நாலு பேரு தூக்கலாம், எட்டு, பதினாறு, எப்படி வேணும்னாலும் பாதி பாதியாப் பிரிச்சுக்கிட்டே போகலாம். அந்த ஒண்ணு வந்து சேர்ந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சு."

"அந்த ஒண்ணுதான் சார் எம் மக" என்றாள் சீனித்தாய்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, நூறு வரைக்கும் எதாலும் வகுபடாததால் பார்த்தவரைக்கும் இதைப் பகா எண் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது என்றார். பார்த்தவரைக்கும் என்று அவர் சொன்னது சீனித்தாயின் காதில் விழுந்தது. ஊர் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலமே கோவில் மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, அந்த எண் பகா எண்தான் என்று கைதூக்கி நிறைவேற்றினார்கள். எந்தத் தேசத்திலும் ஒரு எண் அப்படி ஓட்டுப்போட்டுப் பகா எண் ஆனதில்லை. ஆனால் அன்றைக்கு மைதானத்தில் ஒரு பெருமூச்சு விட்டார்களே, அதைச் சீனித்தாய் சாகும்வரை மறக்கமாட்டாள். பாரத்தை இறக்கி வைத்தவர்கள் விடுகிற மூச்சு அது.

"பகா எண்ணுன்னா ரெண்டே வழிதான் தாயி" என்று தவசிலிங்கம் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "ஒண்ணு, நானூத்திச் சொச்சம் கோடிப் பேரும் வந்து பிடிக்கணும். உலகத்தக் கூட்டினாலும் அவ்வளவு கூடுமாங்கிறது எனக்குத் தெரியாது. இல்ல, ஒரே ஒரு ஆளு தூக்கணும். ஒரே ஆளுன்னா பெத்தவதான? ஊரு என்ன செய்ய முடியும்?"

பெற்றவள் தூக்கினாள். ஒன்பதாம் நாள் காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் தூக்கினாள். ஒன்றால் வகுத்தால் மீதி இல்லை, ஆகவே அவள் இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லை, பிள்ளையும் வரவில்லை. மகளின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, முகத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, நானூற்று இருபத்தொன்பது கோடியையும் ஒருத்தியாக இழுத்தபோது அவளுக்குக் கண் இருண்டு காது அடைத்து உயிர் போய்ப் போய்த் திரும்பியது.

"விடும்மா, ஒனக்கு மூச்சு வாங்குது" என்றாள் பாண்டீஸ்வரி.

அப்புறம்தான் சீனித்தாய் எடைச்சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். பேராசிரியர் விட்ட இடத்தில், நூற்றியொன்றில் தொடங்கினாள். மற்றவர்களுக்கெல்லாம் அது பகா எண்ணாக இருந்தால் நிம்மதி, அவள் ஒருத்திக்குத்தான் அது வகுபட்டாக வேண்டும். லாரி வந்தால் எழுந்துபோய்ப் பக்கத்து ஊர் எடைமேடைக்கு அனுப்பிவிட்டு வந்து உட்காருவாள். பாண்டீஸ்வரிக்கு ஏழாம் வாய்ப்பாடு தகராறு, எட்டாம் வாய்ப்பாடு தண்ணீர்பட்ட பாடு. அம்மா வகுக்க வகுக்க அவள் பெருக்கிச் சொன்னாள். நெஞ்சுவரைக்கும் மண் ஏறிய பிறகு நீளமாகப் பேச அவளுக்கு மூச்சு போதவில்லை, விடையை மட்டும் சொன்னாள். நூற்று மூன்று, மீதி இருந்தது. இருநூற்று ஐம்பத்தேழு, மீதி இருந்தது. நானூற்று நாற்பத்தொன்பது, மீதி இருந்தது. சோற்றை ஒரு கையால் பிசைந்து ஊட்டிக்கொண்டு மறு கையால் வகுத்தாள். பதிமூன்றாம் நாள் மண் கழுத்துக்கு வந்தது. பிள்ளை தலைக்குமேலே தூக்கி வைத்திருந்த இரண்டு கைகளும் ஓயாமல் நோவதாகச் சொன்னதால், மடித்த சாக்கை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தாள்.

பதினான்காம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். அறுநூற்று நாற்பத்தொன்றால் வகுத்தபோது அறுபத்தேழு லட்சத்து நானூற்றுப் பதினேழு என்று விடை வந்தது. மீதி வரவில்லை. அவள் நம்பவில்லை. மறுபடி வகுத்தாள். பிறகு பெருக்கிப் பார்த்தாள். சிவப்பு எழுத்துப் பெட்டியையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு கதறினாள், சந்தோஷத்தில்தான்.

"அறுநூத்தி நாப்பத்தொண்ணா?" என்றார் தவசிலிங்கம். "நம்ம ஊரே இருநூத்திப் பதிமூணுதானம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. கரட்டூரணி தன்னை எப்போதும் அப்படித்தான் எண்ணிக்கொள்ளும்: தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆம்பிளை ஒரு தலைக்கட்டு. அவன் பெண்டாட்டி, வயசுக்கு வந்த பிள்ளைகள், தாலியறுத்த தங்கச்சி எல்லோரும் அந்தத் தலைக்குக் கீழே வருகிறவர்கள், எண்ணிக்கையில் வராதவர்கள். சீனித்தாய் புருசன் ஓடிப்போனவள், ஆகவே எந்தத் தலைக்கட்டிலும் இல்லாதவள். இருநூற்றுப் பதின்மூன்று என்று பரம்பரையாகச் சொல்லிச் சொல்லி, ஊரில் அத்தனை பேர்தான் மூச்சு விடுகிறார்கள் என்று தலைவருக்கே நம்பிக்கை வந்திருந்தது.

"பொம்பளைகளும் எளவட்டங்களும் எரநூத்தி நாப்பது பேரு இருக்கோம் அண்ணாச்சி. நான் எண்ணிட்டேன். என்னையும் சேத்துத்தான்."

"பொம்பளைக வடம் பிடிக்கிற வழக்கமில்ல."

அவள் அவர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய்ப் பின்வாங்கி, சரி, உயிர் சமாச்சாரம், பெண்களும் பிடிக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். நானூற்று ஐம்பத்து மூன்று ஆயிற்று. இன்னும் நூற்று எண்பத்தெட்டு.

"ஓடைக்கு அந்தாண்ட இருக்காகளே" என்றாள் சீனித்தாய்.

சுற்றி நின்றவர்கள் ஓடைப்பக்கம் திரும்பாமல் தவசிலிங்கத்தையே பார்த்தார்கள். ஓடை என்பது நாலு எட்டில் தாண்டுகிற வாய்க்கால்; அதற்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்களின் அடுப்புப் புகை இந்தப்பக்கம்தான் வரும், அவர்கள்தான் இந்த ஊரின் பருத்தியை எடுப்பவர்கள், சோளம் அறுப்பவர்கள், செத்த மாட்டை இழுப்பவர்கள். தேர்வடத்தை மட்டும் அவர்கள் தொட்டதில்லை. தொடலாமா என்று யாரும் கேட்டதுமில்லை.

"வடம் சாமியோடது தாயி. நாளைக்கு அதே வடத்த வச்சுத்தான் தேர இழுக்கணும்" என்றார் தவசிலிங்கம், கோபமில்லாமல். "சம்பந்தக்காரங்க ஊர்ல சொல்லி நூத்தி எண்பத்தெட்டு என்ன, முந்நூறு பேரக் கூட்டியாறேன். ஆள் அனுப்பியாச்சுன்னு வச்சுக்க. வெள்ளிக்கிழமை காலையில லாரியில வந்து எறங்கிருவாங்க."

"புதன்கிழமை எம் பிள்ளை மூக்கு உள்ள போயிரும் அண்ணாச்சி!"

அவர் வானத்தைப் பார்த்தார். வேறு பலரும் வானத்தைப் பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிற நூற்று எண்பத்தெட்டுப் பேரைக் கூப்பிடுவதைவிட அறுபது கல் தாண்டியிருக்கிற சொந்தக்காரனைக் கூப்பிடுவது சீக்கிரம் ஆகும் என்று கணக்குப் போடுகிற ஊருக்கு எந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுக்க முடியும்?

செவ்வாய்க்கிழமை காலையில் சீனித்தாய் ஓடையைத் தாண்டினாள். முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக. வேப்பமரத்தடியில் கருவேல முள்ளை வெட்டிக்கொண்டிருந்த இருளாயி என்ற பெண், அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "பதினஞ்சு நாளா ஒம் பிள்ள மண்ணுக்குள்ள போறத இங்கிருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

வெட்கத்தில் சீனித்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நூத்தி எண்பத்தெட்டுப் பேரு வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

"நாங்க எத்தன பேருன்னு எங்களுக்கே தெரியாது. எங்கள யாரு எண்ணினா? எண்ணிக்க." இருளாயி குரல் கொடுத்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கயிறு பிடிக்கும் கையுள்ளவர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். சீனித்தாய் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று முகத்தைப் பார்த்து எண்ணினாள். நூற்று எண்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அது எப்படி அத்தனை கச்சிதமாக இருந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"வாரோம்" என்றாள் இருளாயி. "ஆனா எங்களத் தனியா ஒரு கயித்துல கட்டி ஓரமா நிறுத்தக் கூடாது. ஒரே வடம். ஒங்க ஆளு ஒண்ணு, எங்க ஆளு ஒண்ணு, கலந்து நிக்கணும். ஏன்னா பிள்ள மேல வரலைன்னா எங்களாலதான் வரலைன்னு சொல்லுவீக."

புதன்கிழமை விடிந்தபோது மண் பாண்டீஸ்வரியின் மேலுதட்டுக்கு வந்திருந்தது. பப்பாளி இலைக் காம்பைக் குழலாக்கி அவள் மூக்கில் வைத்திருந்தாள் சீனித்தாய். பிள்ளையால் பேச முடியவில்லை, கண்ணைத்தான் சிமிட்டினாள். எடைமேடையில் இருந்து நெடுஞ்சாலை நெடுக, வடத்தோடு கிணற்றுக் கமலைக் கயிறும் கப்பல் கயிறும் முடிந்து, முக்கால் மைலுக்கு நீட்டிப் போட்டார்கள். ஓடையைத் தாண்டி வந்தவர்கள் வந்து நின்றார்கள். ஊர்க்காரர்களில் பலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் மண்ணுக்குமேல் தெரிந்த அந்தக் கண்ணைப் பார்த்தவர்கள் யாரும் கையை எடுக்கவில்லை. இடுப்பில் மருந்துப் பத்துக் கட்டியிருந்தவன்கூட வந்து பிடித்தான். ஆளுக்கு ஆள் மாறி, கலந்து, அறுநூற்று நாற்பது பேர் நின்றார்கள்.

தவசிலிங்கம் கடைசியாகத்தான் வந்தார். வடத்தின் தலைமாட்டில் முதல் பிடி தலைவருக்குரியது. தேரோட்டத்தில் அவர் தொட்ட பிறகுதான் மற்றவர் இழுப்பார்கள். அந்த இடத்தை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் வாயும் வராது. அவருக்கு அடுத்த பிடி இருளாயியின் அண்ணனுக்கு விழுந்திருந்தது. அவர் வந்து நின்று, குனிந்து பிடித்தார். ஊர் அப்பாடா என்றது.

பெண்கள் வால்மாட்டில்தான் என்று ஒதுக்கிவிட்டதால், சீனித்தாய்க்கு மகளின் பக்கத்தில் நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. முக்கால் மைல் ஓடி வந்து கடைசிப் பிடியைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். கொம்பையா கொடுத்த குரல் ஆள் ஆளாகத் தாண்டி அவளுக்கு வந்து சேர்ந்தது. அறுநூற்று நாற்பத்தொரு பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

வடம் வந்தது. அது பொய்யில்லை, அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு முழம், ஒன்றரை முழம் வந்தது. முன்னால் இருந்தவர்கள், "கழுத்து தெரியுது, தோளு தெரியுது!" என்று கத்தினார்கள். அந்தக் கத்தல் வால்மாட்டுக்கு வந்து சேருவதற்குள்ளே ஆட்கள் விழத் தொடங்கினார்கள். ஊர்க்காரனும் விழுந்தான், ஓடைக்காரனும் விழுந்தான். கொம்பையா விழுந்தான், இருளாயி விழுந்தாள். சீனித்தாயின் கையில் கயிறு தொய்ந்தது.

அவள் ஓடினாள். விழுந்து கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது மேடையில் பிள்ளை இல்லை. தகடு எப்போதும்போலத் தகடாக மூடியிருந்தது. வடத்தின் நுனியில் கம்பளி மட்டும் சுற்றியபடி இருந்தது, தலைமாட்டுப் பிடியில் ஒரு துண்டு சுற்றிக் கிடந்தது, பெட்டியில் பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்க முடிந்தவர்களெல்லாம் கடப்பாரை கொண்டுவந்து தகட்டைப் பெயர்த்து மத்தியானம் வரை இரண்டாள் ஆழம் தோண்டினார்கள். கரிசல் மண்தான் வந்தது. சீனித்தாய் நகம் பெயரத் தோண்டினாள், அவளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். வெகுநேரம் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு எழுந்து, விழுந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே நெடுஞ்சாலையில் நடந்தாள். மகள் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடியது. நடக்க முடியாத தலைக்கட்டுகளைக் கட்டிலோடு தூக்கிவந்து போட்டிருந்தார்கள். ஓடைக்கு அந்தப்பக்கத்தவர்கள் கூட்டத்துக்கு வருகிற வழக்கம் இல்லை.

தவசிலிங்கம் அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது. "நம்மால ஆனது எல்லாம் செஞ்சாச்சு" என்றார். "வழக்கத்தையெல்லாம் விட்டுட்டுத்தான் செஞ்சோம். அறுநூத்தி நாப்பத்தொரு பேரும் பிடிச்சும் வரலைன்னா, நாம முன்னாடி முடிவு பண்ணினதுதான் சரி. அது பகா எண்ணுதான். யாரு மேலயும் குத்தமில்ல."

சீனித்தாய் மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். கையில் எடைச்சீட்டு இருந்தது.

"விழுந்தவங்கள எண்ணிட்டு வந்தேன்" என்றாள். "எரநூத்தி ஐம்பத்தேழு பேரு. அறுநூத்தி நாப்பத்தொண்ணுக்கு மீதியே கிடையாது. இந்த மீதி அறுநூத்தி நாப்பதுக்குத்தான் வரும். வகுத்துப் பாத்துட்டேன். ஒரு கை கொறஞ்சிருக்கு."

கட்டில்களில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தவசிலிங்கம், "பெத்த வயிறு அப்படித்தான் சொல்லும்" என்று இரக்கமாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "பகா எண்ணுன்னு ஒத்துக்கிடுறவங்க கை தூக்குங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு கைகள் மெல்ல மெல்ல எழுந்தன. காலையில் வடம் அறுத்ததில் ஒவ்வொரு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சிவப்பாக ஒரு கோடு ஓடியது. சிலவற்றில் இன்னும் ரத்தம் கசிந்தது. எல்லோருக்கும் முன்னால் தவசிலிங்கம் தன் கையைத் தூக்கினார். அது சுத்தமாக இருந்தது.

முதலில் பார்த்தது கொம்பையாதான். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். தவசிலிங்கமும் அவர்கள் பார்க்கிற இடத்தைப் பார்த்தார்.

"துண்டச் சுத்திக்கிட்டுப் பிடிச்சேன்" என்றார். "சாமி காரியத்துக்கு நிக்கிற கை, எல்லாரும் தொட்ட வடத்துல படக் கூடாதுல்ல. துண்டு இருந்தா என்ன? நானும் இழுக்கத்தான செஞ்சேன்? உசுரக் குடுத்து இழுத்தேன்."

அவர் சொன்னது உண்மை. அவர் உயிரைக் கொடுத்துத்தான் இழுத்தார். சீனித்தாய் கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்தார்கள். அவள் அடிக்கவில்லை. தூக்கிய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"இதுதான் அண்ணாச்சி" என்றாள். "இந்த ஒண்ணுதான்."

இருநூற்றுப் பன்னிரண்டு கைகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவள் பிடித்திருந்த கையை மட்டும் அவரால் இறக்க முடியவில்லை.